சீதக்காதிக்கு அப்பாலும் கீழக்கரை

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. “வியாபாரிகள் ஊர், படிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. உம்மாவின் அலமாரியில் பழுப்பேறிய புத்தகங்கள் சில கிடக்கின்றன. எழுத்து அரபி, ஆனால் அரபி தெரிந்தவருக்கும் பொருள் விளங்கவில்லை. அவை என்ன? எங்கள் ஊரில் புலமை மரபு என்று ஒன்று இருந்ததா?

வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

அலமாரியிலிருந்தே தொடங்குகிறேன். அவை பெரும்பாலும் அரபுத்தமிழ் நூல்களாகத்தான் இருக்கும். எழுத்து அரபி, மொழி தமிழ். யாராவது வாய்விட்டு வாசித்தால் உம்மாவுக்குப் புரிந்துவிடும். ப, ட, ண, ள, ங போன்ற ஒலிகளுக்கு அரபியில் எழுத்து கிடையாது. அதனால் இருக்கிற எழுத்துகளோடு புள்ளியும் குறியும் கூட்டிப் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டார்கள். புரட்டிப் பாருங்கள், குர்ஆனில் காணாத புள்ளிகள் தட்டுப்படும். ஓதக் கற்ற பெண்கள் தமிழ் எழுத்து தெரியாமலே இப்படித் தமிழ் நூல் படித்தார்கள். படித்ததோடு நிற்கவுமில்லை, உங்கள் ஊர் ஆசியா உம்மா மெய்ஞ்ஞானப் பாடல்கள் எழுதியவர்.

அரபுத்தமிழில் பெரிய பெயர் மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898). காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரை தைக்கா சாகிபின் மகளை மணந்து, ஊருக்கே மாப்பிள்ளையானவர். உங்கள் ஊர் மார்க்கக் கல்விக்கூடமான அரூசிய்யா மதரசாவைப் பற்றிப் பேசினால் அவர் பெயரும் கூடவே வரும். இலங்கையிலும் அவருக்கு மாணவர்கள் இருந்தார்கள். அவருக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டில், அரபியில் கவி பாடிய சதக்கத்துல்லா அப்பா இங்கே வாழ்ந்தார். சீறாப்புராணம் என்ற நபி வரலாற்றுக் காப்பியம் பாடிய உமறுப்புலவருக்கு அதற்கான செய்திகள் அவர் வழியாகக் கிடைத்தன என்பது வழக்கு.

உங்கள் நண்பர் வியாபாரத்தையும் படிப்பையும் எதிரெதிரே நிறுத்துகிறார். இந்தக் கரையில் அது சரிப்படாது. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில் சீதக்காதி போன்றோருக்குக் கப்பல் வியாபாரத்தில் வந்த பணம்தான் புலவருக்குச் சோறு போட்டது, பழைய ஜும்மா பள்ளிவாசலையும் கட்டியது. அந்தப் பள்ளியின் கல் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். கோயில் கட்டிய கைகளின் வேலை, உருவங்கள் மட்டும் இருக்காது.

நீங்கள் சொன்ன சீதக்காதிப் பழமொழி மேல் எனக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு. சீதக்காதி ஆதரவில் தொடங்கிய சீறாப்புராணம் முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர்தான் பிறகு கைகொடுத்தார். நூலுக்குள் உமறு புகழ்வதும் அவரையே. ஆனால் ஜனங்கள் நினைவில் நின்றவர் சீதக்காதிதான். நூலை முடிக்க உதவிய வள்ளலே மறக்கப்படும்போது ஆலிம்களை யார் கேட்கப் போகிறார்கள்!

சரி, அந்தப் புத்தகங்களின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். கல்லச்சுப் பிரதிகளில் அச்சிட்ட ஊரும் ஹிஜ்ரி ஆண்டும் அங்கேதான் இருக்கக்கூடும். கிழிசலை செலோடேப் போட்டு மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.