ஒன்றே முக்கால் லட்சத்துக்கு எத்தனை மணி நேர மின்தடை?

கேள்வி: பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓடுகிறது. 3 கிலோவாட் சோலார் போட ஒருவர் 2.05 லட்சம் ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் சேர்த்து 3.80 லட்சம் என்கிறார். பேட்டரி இல்லாமல் ராத்திரிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று மாமனார் கேட்கிறார். எதை எடுப்பது?

பதில்: ராத்திரிக்கு மின்வாரியத்தின் மின்சாரம்தான் வரும் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். பகலில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது கம்பி வழியே வெளியே போகும். இருவழி மீட்டர் அதை இரவில் நீங்கள் எடுப்பதோடு கழித்துவிடும். 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மழை மாதங்களில் குறைந்தாலும், உங்கள் வீட்டுக்கு 3 கிலோவாட் போதும். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடுதல் விலைதான். நீங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறீர்கள். அதனால் சோலார் போடுவதில் எனக்குத் தயக்கமில்லை.

பேட்டரி வேறு சங்கதி. அது பில்லைக் குறைக்க அல்ல, மின்தடைக்கு. பேட்டரி இல்லாத சோலார், நடுப்பகல் வெயிலில் மின்தடை வந்தாலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரை நம் வீட்டு மின்சாரம் தாக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விற்பவர்கள் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. 5 யூனிட் பேட்டரியில் நான்கைந்து மின்விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ் என்று 400 வாட் ஓட்டினால் பத்து மணி நேரம் தாங்கும். உங்கள் பகுதியில் அவ்வளவு நேரமா மின்சாரம் போகிறது? மாலையில் ஒரு மணி நேரம்தான் என்றால், சாதாரண இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி (Ah) டியூபுலர் பேட்டரியுமே (தண்ணீர் ஊற்றும் வழக்கமான ஈய-அமில பேட்டரி) போதும். அதில் இருப்பது 1.8 யூனிட், பாதியைத்தான் எடுக்கலாம், ஆனாலும் நான்கு விசிறிக்கு அது தாராளம். பின்னால் லித்தியம் வாங்கும் எண்ணம் இருந்தால், சோலாரையும் பேட்டரியையும் சேர்த்துக் கையாளும் ஹைப்ரிட் இன்வெர்ட்டராக இப்போதே கேளுங்கள்.

ஆக, நான் முதல் ஆளிடம் பேசுவேன். 2.05 லட்சம் மானியத்துக்கு முன்பா, பின்பா என்று எழுதி வாங்குங்கள். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு, பேனல் இந்தியாவில் செய்த சோலார் செல்களால் ஆனதாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு மானியம் கிடையாது. பணம் வேலை முடிந்த பிறகே வரும் என்பதால், முதலில் முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்து போகும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்களுக்குத் தெரியாததல்ல. பேனலைத் தாங்கும் சட்டத்தின் கனம், கான்கிரீட்டில் பதித்த விதம் இரண்டையும் விலைப்பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். மலிவான கொட்டேஷன் பெரும்பாலும் இங்கேதான் மிச்சம் பிடிக்கும். தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிபடக்கூடும்; காலை, மாலை இரண்டு வேளையும் மாடியில் ஏறிப் பாருங்கள்.

மின் இணைப்பு மாமனார் பெயரிலா, உங்கள் பெயரிலா? யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றுவதாக இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.