கழுத்துல ரேடியேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகியும் அப்பாவுக்கு ருசியே தெரியல, சாப்பாட்ட தொடவே மாட்டேங்கறார். ருசி திரும்ப வருமா?

வரும். பெரும்பாலானவங்களுக்கு வருது, ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள எதிர்பார்க்காதீங்க. எனக்கு டான்சில்ல கேன்சர் வந்து கழுத்துக்கு கரண்ட் வச்சாங்க, உங்க அப்பா இப்ப இருக்கற இடத்துல நானும் இருந்திருக்கேன், அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நாக்குல ருசி அறியற செல்லுங்க சுமார் பத்து நாளைக்கு ஒரு தடவ பழசு செத்து புதுசு வரும். கதிர்வீச்சு அந்த புதுசா உருவாக்கற அடி செல்லயே தாக்கிடுது. அதனாலதான் ரேடியேஷன் ஆரம்பிச்ச முதல் வாரம் பாதிப்பு ஒண்ணும் தெரியாம, ரெண்டாவது மூணாவது வாரத்துல திடீர்னு எல்லாம் சப்புனு ஆகும். பொதுவா 60லேர்ந்து 70 கிரே (கதிர்வீச்சோட அளவு) வரைக்கும், 30-35 சிட்டிங்கா பிரிச்சு ஆறேழு வாரம் குடுப்பாங்க, முடியற சமயத்துலயும் முடிஞ்ச உடனேயும்தான் ரொம்ப மோசமா இருக்கும். அப்புறம் எச்சில். எதோட ருசியும் எச்சில்ல கரைஞ்சாதான் நாக்குக்கு போய் சேரும், எச்சில் சுரப்பி மேலயும் கதிர் பட்டிருந்தா நாக்கு தேறின பிறகும் வாய் காஞ்சே கிடக்கும், ருசியும் மங்கலாத்தான் இருக்கும். மூணுலேர்ந்து ஆறு மாசத்துல நிறைய பேருக்கு நல்ல மாற்றம் தெரியும், ஒரு வருஷம் வரைக்கும் மெதுவா ஏறும், சிலருக்கு கொஞ்சம் குறை நிரந்தரமா நின்னுடறதும் உண்டு. எனக்கு உப்பும் புளிப்பும் முதல்ல வந்துச்சு, இனிப்பு ரொம்ப கடைசி, ஆளுக்கு ஆள் இந்த வரிசை மாறும்.

இப்ப நீங்க கேக்காத ஒண்ண சொல்றேன், எனக்கு இதுதான் முக்கியமா படுது. ருசி தெரியலன்னா என்ன, மருந்து மாதிரி கண்ண மூடிட்டு முழுங்க வேண்டியதுதானேன்னு கூட இருக்கறவங்க நினைப்பாங்க. அது முடியாது. மெல்ல மெல்ல, தண்ணில ஊறின காகித அட்டைய வாய்ல வச்சிருக்கற மாதிரி இருக்கும், தொண்டை தானா மூடிக்கும், ரெண்டு வாய்க்கு மேல குமட்டும், பசின்னு ஒண்ணு வரவே வராது. அப்பா அடம் பிடிக்கல. ஆசையா சமைச்சு குடுத்தவங்களுக்கு மனசு வலிக்கும், எனக்கு தெரியும், என் வீட்லயும் வலிச்சுது. ஆனா "நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, அதுக்கு அவரால பொய்தான் சொல்ல முடியும், "இது உள்ள போகுதா"ன்னு கேளுங்க.

பசிக்காக காத்திருக்காம கடிகாரத்த பாத்து ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவ கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஈரமா, மெதுவா, வழுக்கிட்டு போறதா இருக்கணும், சூடு வேண்டாம், ஆறினதாவோ குளிர்ச்சியாவோ இருந்தா எனக்கு சுலபமா இறங்குச்சு. உள்ள போறதே கொஞ்சம்ங்கறதால முட்டை, பால், பருப்புன்னு புரதம் இருக்கறதா பாத்துக்கோங்க, புண் ஆற அது வேணும். இரும்பு வாடை அடிக்குதுன்னு சொன்னா பிளாஸ்டிக் ஸ்பூன் குடுத்து பாருங்க. சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணில கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு கொப்பளிக்கட்டும், ஆல்கஹால் இருக்கற மவுத்வாஷ் கிட்டயே போக வேண்டாம். புளிப்பு, காரம் எல்லாம் வாய்ப்புண் முழுசா ஆறின பிறகுதான். இன்னிக்கு தள்ளிவச்சத ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி குடுத்து பாருங்க, நாக்கு மாறிட்டே இருக்கும்.

ருசி தெரியட்டும்னு சர்க்கரைய மட்டும் அள்ளிப் போடாதீங்க. எச்சில் இல்லாத வாய்ல பல்லு பயங்கர வேகமா சொத்தையாகும், ஃப்ளோரைடு பத்தி பல் டாக்டர்கிட்ட கேளுங்க. எந்த பல்ல பிடுங்கறதுக்கு முன்னாடியும் தாடைக்கு ரேடியேஷன் ஆனத கண்டிப்பா சொல்லிடுங்க, எலும்பு ஆறாம போற ஆபத்து இருக்கு.

ஜிங்க் மாத்திரை போட்டா ருசி வந்துடும்னு யாராவது சொல்லியிருப்பாங்க. 2007ல வந்த ஒரு பெரிய ஆய்வுல இந்த மாதிரி நோயாளிகளுக்கு ஜிங்க்கும் வெத்து மாத்திரையும் குடுத்து பாத்தாங்க, வித்தியாசம் தெரியல. குறைபாடு இருக்குன்னு டாக்டர் சொன்னா எடுத்துக்கலாம், அத நம்பி சாப்பாட்ட விட்டுடக் கூடாது. டியூப் வழியா சாப்பாடு போனாலும் டாக்டர் அனுமதிச்ச அளவுக்கு வாய் வழியாவும் முழுங்கிட்டே இருக்கணும், முழுங்கற தசைய சும்மா விட்டா இறுகிப் போயிடும், அப்புறம் ருசி வந்தாலும் சாப்பிட கஷ்டம்.

நாக்குல வெள்ளையா படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு பாருங்க, பூஞ்சைத் தொற்றா இருந்தா அதுவே ருசிய கெடுக்கும், மருந்துல சரியாயிடும். கழுத்துக்கு கதிர் வச்சவங்களுக்கு தைராய்டு குறையறதும் சகஜம், அது வந்தா சோர்வு கூடும், அதனால டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் எப்ப எடுக்கணும்னு கேட்டு வச்சுக்கோங்க. வாரத்துக்கு ஒரு தடவ எடை பாத்து எழுதுங்க. ஒரே மாசத்துல நூத்துக்கு அஞ்சு பங்கு, அதாவது 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ குறைஞ்சிருந்தா அடுத்த ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே டாக்டரையும் டயட்டீஷியனையும் பாத்துடுங்க.