புயலில் நனைந்த வீட்டைப் பழுது பார்க்கும் முன்: ஃபுளோரிடாவின் 50 சதவீத விதி

கேள்வி: செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1962ல் கட்டிய ஒற்றைத்தள வீடு எங்களுடையது. ஏஇ வெள்ள மண்டலம், அதாவது வெள்ள அபாயம் அதிகம் என்று குறித்த பகுதி. 2024 செப்டம்பர் ஹெலீன் புயலில் வீட்டுக்குள் இரண்டரை அடி தண்ணீர் ஏறியது. தரை, சுவர், கேபினட் எல்லாம் போயிற்று. எப்படியும் செலவு செய்யப்போகிறோம், சமையலறையையும் பெரிதாக்கிவிடலாம் என்று நினைத்தோம். இதற்கிடையில் 'கணிசமான சேதம்' என்று நகராட்சிக் கடிதம் வந்திருக்கிறது. வீட்டையே உயர்த்த வேண்டியிருக்குமாம். பர்மிட் இல்லாமலே முடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். என்ன செய்வது?

பதில்: அந்தக் கான்ட்ராக்டருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சமையலறையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் வீட்டின் கதி இரண்டே இரண்டு தொகைகளில் இருக்கிறது. ஒன்று பழுதுச் செலவு, மற்றது புயலுக்கு முந்தைய நாள் உங்கள் கட்டடத்தின் சந்தை மதிப்பு. முதல் தொகை இரண்டாவதில் பாதியைத் தொட்டாலே அது 'கணிசமான சேதம்'. அதன் பிறகு பழைய வீடு என்ற சலுகை கிடையாது. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு உள்ள வெள்ள விதிகள் எல்லாம் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

நான் பார்த்தவரையில் பெரும்பாலானவர்கள் இடறுவது அந்த இரண்டாவது தொகையில்தான். கட்டடம் என்றால் கட்டடம் மட்டும், மனை சேராது. 5 லட்சம் டாலர் வீடு, பாதி இரண்டரை லட்சம், நமக்குக் கவலையில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். கடலோர ஊர்களில் விலையில் பெரும்பகுதி மனைக்குத்தான். மனை 3 லட்சம் போனால் கட்டடம் 2 லட்சம். எல்லை 1 லட்சம், அதற்கு ஒரு டாலராவது கீழே நிற்க வேண்டும். உங்கள் பழுதுக்கு 75,000 ஆகிறது, சமையலறையைப் பெரிதாக்க 35,000 என்று வைத்துக்கொள்வோம். பழுது மட்டும் என்றால் தப்பித்தீர்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் 1,10,000, மாட்டிக்கொண்டீர்கள். பழுதும் மேம்பாடும் கூட்டித்தான் பார்க்கப்படும்.

நகராட்சி பொதுவாகக் கவுண்டியின் (மாவட்ட நிர்வாகத்தின்) வரி மதிப்பீட்டிலிருந்து கட்டடத்தின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மொத்தமாகப் போடுகிற கணக்கு. நீங்கள் உள்ளே மாற்றிய குளியலறையோ புது ஜன்னலோ அதற்குத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே உரிமம் பெற்ற அப்ரைசர் ஒருவரை வைத்து, கட்டடத்துக்கு மட்டும், புயலுக்கு முந்தைய நிலைக்கு மதிப்பு போட்டு வாங்குங்கள். வெறும் வீட்டு மதிப்பீடு என்று கேட்டால் மனையோடு சேர்த்துத் தந்துவிடுவார். எதற்காக என்பதைச் சொல்லிக் கேளுங்கள். கூரை மாற்றிய ரசீது, விருந்தின்போது எடுத்த படங்களில் பின்னால் தெரிகிற தரை, கேபினட் எல்லாம் அவருக்குப் பயன்படும்.

அடுத்தது செலவுப் பட்டியல். டிரைவால் (உள்சுவர்ப் பலகை), தரை, கேபினட், மின்கம்பி, குழாய், ஏசி, கான்ட்ராக்டரின் லாபம் எல்லாம் கணக்கில் வரும். கூலி கொடுக்காத வேலையும் வரும். தமிழ்ச் சங்க நண்பர்கள் சனிக்கிழமை வந்து பெயின்ட் அடித்துக் கொடுத்தால்கூட அதற்குச் சந்தைக் கூலி போட்டே ஆக வேண்டும். குப்பை அகற்றுவது, சுத்தம் செய்வது, வரைபடச் செலவு, பர்மிட் கட்டணம், வேலி, தோட்டம், பிளக்கில் சொருகுகிற வாஷிங் மெஷின் ஆகியவை சேராது. இங்கேதான் கையில் பென்சிலோடு உட்கார வேண்டும். 'சுவர் வேலை' என்று ஒரே வரியில் 14,000 போட்டிருப்பார்கள். அதில் சேற்றைக் கழுவிச் சுத்தம் செய்த செலவும் கலந்திருக்கலாம். அதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கிற வீட்டுக்கு அந்தச் சில ஆயிரம் டாலர் பெரிய விஷயம்.

சரி, நகராட்சி ஏன் இவ்வளவு கெடுபிடி காட்டுகிறது? மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 1968ல் வந்தது. ஓர் ஊர் இந்த விதிகளை அமல்படுத்தினால்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் காப்பீடு கிடைக்கும். இயன் புயலுக்குப் பிறகு பர்மிட் இல்லாத வேலைகளைக் காரணம் காட்டி, லீ கவுண்டியிலும் அங்குள்ள சில ஊர்களிலும் வெள்ளக் காப்பீட்டுக்கு இருந்த 25 சதவீத பிரீமியம் தள்ளுபடியை எடுத்துவிடுவதாக 2024ல் ஃபீமா (இந்தக் காப்பீட்டை நடத்தும் மத்திய பேரிடர் அமைப்பு) அறிவித்தது. அப்புறம் ஆவணங்களைக் காட்டிப் பெரும்பாலான ஊர்கள் தப்பித்தன. அந்தப் பயம் எல்லா ஊர் அதிகாரிகளுக்கும் உண்டு. பர்மிட் இல்லாமல் பூசிய சுவரைப் பிறகு உடைத்துக் காட்டச் சொன்னால் செலவு உங்களுடையது. கான்ட்ராக்டர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்தும் 50 சதவீதம் தாண்டுகிறதா? அப்படியானால் வீட்டை உயர்த்த வேண்டும், அல்லது இடித்து உயரமாகக் கட்ட வேண்டும். ஃபுளோரிடாவில் வசிக்கும் தளம், ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் குறித்த வெள்ள மட்டத்துக்குக் குறைந்தது ஓரடி மேலே இருக்க வேண்டும். ஊர் இன்னும் அதிகமாகவும் கேட்கலாம். கீழே கார் நிறுத்தலாம், சாமான் வைக்கலாம், படி வைக்கலாம், அறை கூடாது. கீழே சுவர் எழுப்பினால் தண்ணீர் வந்து போக, ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஒரு சதுர அங்குலம் என்ற கணக்கில் குறைந்தது இரண்டு திறப்புகள் விட வேண்டும். அலை நேரே மோதுகிற வி மண்டலம் என்றால் தூண்கள் மேல்தான்.

ஆனால் இங்கே ஒரு உதவியும் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. மத்திய வெள்ளக் காப்பீடு வைத்திருந்தால், விதிக்கு ஏற்ப வீட்டை உயர்த்தவோ இடிக்கவோ 30,000 டாலர் வரை தனியாகக் கிடைக்கும். அதைக் கேட்க, 'கணிசமான சேதம்' என்ற அந்த நகராட்சிக் கடிதமே ஆதாரம். உயர்த்தும் செலவு முழுவதற்கும் அது போதாது, என்றாலும் விட்டுவிடாதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் இது வராது.

சமையலறை விஷயத்துக்கு வருகிறேன். பழுது வேலை முடிந்து, இறுதி ஆய்வும் முடிந்து, பர்மிட் மூடப்பட்ட பிறகு அதைத் தனி வேலையாக எடுக்க முடியுமா என்று நகராட்சியிடம் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இப்போதே திட்டம் போட்டு இரண்டு பர்மிட்டாக உடைத்தால் ஒரே வேலையாகச் சேர்த்துவிடுவார்கள்.

கடிதத்தில் பதிலளிக்கக் கெடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குள், அப்ரைசரின் மதிப்பீட்டையும் பிரித்து எழுதிய செலவுப் பட்டியலையும் இணைத்து, மறுபரிசீலனை கேட்டு, நகராட்சியில் வெள்ள விதிகளைக் கவனிக்கும் வெள்ளச் சமவெளி அதிகாரிக்கு அனுப்புங்கள். நகராட்சி போட்டது விரைவாகச் செய்த ஒரு மதிப்பீடுதான். சரியான தாள்களோடு போனால் அதை மாற்ற வழியிருக்கிறது.