ஆறாம் லெவல் ட்வார்ஃப்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு மாலைகளில், பகடை உருட்டி ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். நான்தான் கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். புதிய கேம்பெயினில் (வாரக்கணக்கில் நீளும் கதையில்) மனிதர், ட்வார்ஃப் எனும் குள்ளர் என்று இரண்டே ரேஸ் (இனம்), மந்திரவாதி கிளாஸ் (தொழில்) கிடையாது என்று சொல்லிவிட்டேன். அந்த உலகத்தின் வரலாற்றை 22 பக்கம் எழுதியும் அனுப்பினேன். ஒரு நண்பர் மட்டும் டிராகன்பார்ன் என்ற டிராகன் மனிதராகத்தான் ஆடுவேன் என்கிறார். “விதிப் புத்தகத்திலேயே இருக்கிறதே, தடுக்க நீ யார்?” என்று கேட்டவர் இரண்டு வாரமாக வரவில்லை. நான் செய்தது சர்வாதிகாரமா?

கா., கோவை

அன்புள்ள கா.,

சர்வாதிகாரம் பெரிய சொல். ஐந்து பேர் மிக்சர் கொறித்துக்கொண்டு பகடை உருட்டும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. ‘புத்தகத்தில் இருக்கிறதே’ என்பதையும் விடுங்கள். ஓட்டல் பலகையில் எழுதியிருப்பதெல்லாம் அன்றைக்கு அடுப்பில் இருக்குமா என்ன? இரண்டு வாரம் வராமல் இருப்பது சின்னப்பிள்ளைத்தனம், அதை அவரிடமே சொல்லலாம்.

ஆனால் 22 பக்கம்! வாட்ஸப்பில் நாலு வரி தாண்டினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகரும் நண்பர்களுக்கு! உங்களை உட்காரவைத்துத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. உங்கள் தடை அந்தப் பக்கங்களில் எங்கோ புதைந்து கிடந்திருக்கும். நண்பர் மனதுக்குள் ஒரு டிராகன்பார்னை வளர்த்து, பெயரும் வைத்த பிறகு அது அவர் கண்ணில் பட்டிருக்கும். கோபம் வராமல் என்ன செய்யும்?

இதைப் பற்றி நானே கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-ல் கொண்டுவந்த முதல் மூன்று சிறு புத்தகங்களில் மூன்றே கிளாஸ்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக் என்ற பூசாரி. ஆட ஆட அனுபவப் புள்ளி சேரும், புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். ட்வார்ஃப் என்றால் சண்டைக்காரர் மட்டும்தான், அதுவும் 6-ஆம் லெவல் வரைதான். ஹாபிட் என்ற இன்னொரு சிற்றினத்துக்கு 4-ஆம் லெவலோடு சரி. மனிதருக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், டிராகனாகவே ஆட வேண்டுமா, ஆடு, குட்டி டிராகனாகத் தொடங்கு என்றும் அதே புத்தகம் சொல்கிறது. 1979-ல் வந்த டிஎம் கையேட்டில் அதே கைகாக்ஸ், அரக்கர்களையும் மிருகங்களையும் கேரக்டராக எடுப்பதை எதிர்த்து நீளமாக எழுதுகிறார். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் அவர் வீட்டு வாசலில் எத்தனை பேர் டிராகனாக வந்து நின்றார்களோ.

ட்வார்ஃபுக்கு அந்த வரம்பு ஏன்? மந்திரத்தை மனிதரைவிட நன்றாகத் தாங்குவான், சரிந்து இறங்கும் பாதையையும் புதிதாகக் கட்டிய சுவரையும் கண்டுபிடிப்பான். மனிதருக்கு இதெல்லாம் இல்லை. அதற்கு ஈடாக மனிதர் வளர்ந்துகொண்டே போகலாம். கணக்கு சரிதான். ஆனால் வரவு முதல் நாளே கைக்கு வந்துவிடுகிறது, செலவுச் சீட்டு ஒன்றரை வருடம் கழித்து வருகிறது.

எனக்கு வந்தது. 2006-ல் சிங்கப்பூரில் வேலை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில், சனிக்கிழமை இரவுகளில் ஆடுவோம். உடன் வேலை பார்த்த ஒரு பெரியவர்தான் டிஎம். அந்தப் பழைய புத்தகங்களின் நகல் அவரிடம் மட்டும் இருந்தது, யாருக்கும் தரமாட்டார். நான் ட்வார்ஃப் எடுத்து, பெரியசாமி என்று பெயர் வைத்தேன். ஒன்றரை வருடம். பெரியசாமி பாலத்திலிருந்து விழுந்தார், இரண்டு முறை விஷம் ஏறியது, ஒரு பெட்டிக்குள் ஒளிந்து உயிர் தப்பினார். ஓர் இரவு என் புள்ளி 32,000-ஐத் தொட்டது. ஆறாம் லெவல்! எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த லெவலுக்கு 64,000 என்று தாளில் குறிக்கப்போனேன். பெரியவர் பென்சிலைப் பிடித்துக்கொண்டார். “அது உனக்குக் கிடையாதுப்பா.”

“முதல் நாளே ஏன் சொல்லவில்லை அண்ணே?”

“இவ்வளவு நாள் உயிரோடு இருப்பாய் என்று நினைக்கவில்லை.”

சிரித்தோம். அதற்குப் பிறகும் பத்து வாரம் போனேன். மற்றவர்கள் ஏறிக்கொண்டே போக, பெரியசாமி தீவட்டி பிடித்தார். பிறகு எனக்கு சனிக்கிழமைகளில் வேறு வேலை வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு வேலையும் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், தடை போடுங்கள், ஆனால் கேரக்டர் ஷீட் வெள்ளையாக இருக்கும்போதே போடுங்கள். கிரெக் ஸ்டாஃபோர்டின் பெண்ட்ராகன் என்ற இதே வகை ஆட்டம் 1985-ல் வந்தது. ஆர்தர் மன்னர் காலம், ஆடுகிறவர் எல்லாரும் நைட், அவ்வளவுதான். அதில் போய் யாரும் எல்ஃப் எங்கே என்று கேட்பதில்லை. தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதாக நினைப்பதும் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1991-ல் வந்த டார்க் சன் உலகத்தில் நோம்கள் என்ற குட்டி இனம் கிடையாது, அழிக்கப்பட்டுவிட்டார்கள். அதைக் கேட்டதும் மேசையில் யாராவது ஒருவர் “யார் அழித்தது?” என்பார். பாதி ஆட்டம் அங்கேயே தொடங்கிவிட்டது. உங்கள் உலகத்தில் மந்திரவாதிகள் ஏன் இல்லை? உங்களுக்குத் தெரியும், 17-ஆம் பக்கத்தில் எழுதியிருப்பீர்கள். மேசையில் இருக்கும் நாலு பேருக்கும் அது ஒரே வரியில் தெரிய வேண்டும். நடுவில் மந்திரவாதி வந்தால் சண்டையைச் சமாளிக்க முடியாது என்பதுதான் உண்மையான காரணம் என்றால், அந்தத் தடையை எடுத்துவிடுங்கள். அது சோம்பல்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு ஃபோன் செய்யுங்கள். எழுதாதீர்கள், பேசுங்கள். டிராகன்பார்னில் எது பிடித்தது என்று கேளுங்கள். வாயிலிருந்து நெருப்பு வருவதா, ஊருக்குள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதா? இரண்டாவது என்றால் அதற்குச் செதில் தேவையில்லை, தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு மனிதரே போதும். நெருப்புதான் வேண்டும் என்றால், இந்தக் கேம்பெயினில் இல்லை, அடுத்ததில் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், ஒன்றரை வருடம் கழித்துக் கோபிப்பதைவிட இது மேல்.

அப்புறம், அந்த 22 பக்கத்தில் ட்வார்ஃப்களைப் பற்றி எழுதிய பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். லெவல் வரம்பு ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும். பெரியசாமியின் ஷீட் இன்னும் என்னிடம் இருக்கிறது.