லாக்டேட்: ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கரண்டி மாவும்

முதல் ஏழு வருடம் விளையாட்டு உடலியங்கியல் ஆய்வகத்தில் ஓட்டக்காரர்களின் காது மடலைக் குத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் உணவு அறிவியல் பக்கம் வந்துவிட்டேன். இப்போது புளித்த மாவும் தயிரும்தான் பிழைப்பு. இரண்டு இடத்திலும் அளந்தது ஒரே பொருள், லாக்டேட். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

லாக்டிக் அமிலம், லாக்டேட், லாக்டோஸ், லாக்டேஸ்: எல்லாம் ஒன்றா? பால் குடித்தால் லாக்டேட் ஏறுமா? (பிளஸ் டூ மாணவி)

பெயரில்தான் உறவு. லாக்டோஸ் பாலில் இருக்கும் சர்க்கரை, லாக்டேஸ் அதைச் செரிக்கும் நொதி. 1780-இல் ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பாலில் கிடைத்ததால் லாக்டிக் அமிலம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. உடலில் அது உருவாவது குளுக்கோஸிலிருந்து. பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தின் காரத்தன்மையில் அந்த அமிலம் ஒரு ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு ஏறக்குறைய முழுவதும் லாக்டேட்டாகத்தான் இருக்கும். அதனால் ரத்தத்தில் லாக்டேட் என்றும், தயிரில் லாக்டிக் அமிலம் என்றும் சொல்கிறோம்.

மேடம், எங்கள் கோச் பயிற்சி முடிந்த மறுநாள் கால் வலித்தால் “லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது, மசாஜ் பண்ணி இறக்கு” என்கிறார். சரியா? (கல்லூரி 400 மீட்டர் வீரர்)

உங்கள் கோச் மேல் கோபப்படாதீர்கள் தம்பி, அவருடைய கோச் அவருக்குச் சொன்னது அது. 1907-இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளைத் தசையில் செய்த சோதனைகளிலிருந்து வளர்ந்த எண்ணம்: களைத்த தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ஆக்சிஜன் கொடுத்தால் குறைகிறது. சேர்வதுதான் களைப்புக்குக் காரணம் என்று அடுத்த தலைமுறைகள் முடிவு கட்டிவிட்டன.

நீங்கள் 400 மீட்டர் ஓடி முடித்ததும் ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 15, 20 மில்லிமோல் இருக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் ஓய்வு நிலைக்குப் பக்கத்தில் வந்திருக்கும். மெதுவாக ஜாக் செய்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். மறுநாள் காலை படியிறங்கும்போது வலிக்கும் நேரத்தில் இறக்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அந்த வலி தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. சரிவில் இறங்கி ஓடிப் பாருங்கள்: லாக்டேட் அதிகம் ஏறாது, மறுநாள் தொடை மட்டும் உயிரை எடுக்கும்.

லாக்டேட் கழிவும் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் 1980-களிலிருந்து காட்டி வந்தது இதைத்தான்: ஒரு தசை வெளியே விடும் லாக்டேட்டை இன்னொரு தசையும் இதயமும் வாங்கி எரிக்கின்றன, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக மாற்றுகிறது. மசாஜ் சுகமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். காரணத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

அக்கா, கையடக்க லாக்டேட் மீட்டர் வாங்கினேன். ஒரே வேகத்தில் ஓடி மூன்று தடவை குத்தினேன்: 2.1, 4.8, 2.6. மீட்டர் பழுதா? (மாரத்தான் ஓடுபவர், கோயம்புத்தூர்)

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள். அந்த 4.8 பெரும்பாலும் வியர்வை.

வியர்வையில் லாக்டேட் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். பெரும்பாலான கைமீட்டர்கள் கேட்கும் ரத்தமோ ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு, கடுகளவு கூட இல்லை. அதில் வியர்வை துளியூண்டு கலந்தாலும் எண் எகிறிவிடும். நான் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், வார்ம்-அப் மட்டும் செய்த ஒரு பையனுக்கு 9 காட்டியது. பெருமையாக ஓடிப்போய்ச் சீனியரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை அழைத்து வந்து, அவன் விரலைக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினார். 1.7. அந்த வாரம் முழுக்க எனக்கு “ஒன்பது” என்றுதான் பெயர்.

செய்ய வேண்டியது இது. இடத்தைத் தண்ணீரால் துடையுங்கள், நன்றாக உலர விடுங்கள். ஸ்பிரிட் போட்டால் அது ஆவியாகும் வரை பொறுங்கள். குத்தியதும் வரும் முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள். விரலைப் போட்டுப் பிழியாதீர்கள், பிழிந்தால் திசு நீரும் சேர்ந்து வரும். மீட்டரில் செருகும் பட்டை ரத்தத்தை உறிஞ்சும்போது தோலில் படக்கூடாது. விரல் நுனியா காது மடலா என்றால், எதுவானாலும் ஒன்றிலேயே நில்லுங்கள். இரண்டும் ஒரே எண்ணைத் தராது.

நேரமும் முக்கியம். சீரான ஓட்டமென்றால் நிறுத்திய அரை நிமிடத்துக்குள் எடுங்கள். வேக ஓட்டத்தின் உச்சம் வேண்டுமென்றால் 3 நிமிடத்திலிருந்து 8 நிமிடம் வரை பலமுறை குத்த வேண்டும், ஏனென்றால் தசையிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். 2.1-க்கும் 2.6-க்கும் இடையிலான வித்தியாசத்தை மறந்துவிடுங்கள், இந்தக் கருவிகளில் அது சகஜம்.

அந்தச் சின்னப் பட்டைக்குள் என்னதான் நடக்கிறது? குளுக்கோமீட்டர் மாதிரியா? (உயிர்வேதியியல் இளநிலை மாணவர்)

அதே குடும்பம், நொதி வேறு. பட்டையில் லாக்டேட் ஆக்சிடேஸ் காய்ந்து ஒட்டியிருக்கும். அது லாக்டேட்டைப் பைருவேட்டாக மாற்றும்போது எலக்ட்ரான்கள் வெளிவரும். ஓர் இடைத்தரகர் வேதிப்பொருள் அவற்றை மின்முனைக்குக் கொண்டுபோகும். ஓடும் மின்சாரத்தை மீட்டர் மில்லிமோலாகச் சொல்லும். மேசைக் கருவிகளில் இடைத்தரகர் இல்லாமல், வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை பிளாட்டினம் மின்முனை நேராக அளக்கும்.

உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய முறை வேறு. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் நொதியையும் என்ஏடி என்ற துணைநொதியையும் சேர்த்தால் என்ஏடிஎச் உருவாகும், அது 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். ஒரு சிக்கல்: இந்த வினைக்குத் திரும்பி ஓடத்தான் ஆசை. உருவாகும் பைருவேட்டை ஹைட்ரசீன் போட்டுப் பிடித்துவைத்தால்தான் முழுவதும் முன்னோக்கிப் போகும். ஹைட்ரசீன் நஞ்சு, அதனால் ஃபியூம் ஹுட்டுக்குள் வைத்துத்தான். பஃபரின் காரத்தன்மையையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். விடை குறைவாக வந்தால் பாதிக் குற்றம் அங்கேதான்.

4 மில்லிமோல்தான் லாக்டேட் வாசல் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. எனக்கும் 4 தானா? (சைக்கிள் ஓட்டுபவர்)

வாசல் என்றால், உழைப்பு கூடக் கூட லாக்டேட் நிற்காமல் சேரத் தொடங்கும் இடம். 4 என்பது 1976-இல் ஜெர்மனியில் மாடர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் முன்வைத்த எண். பலரை அளந்து கிடைத்த சராசரி, அவ்வளவுதான். ரெடிமேட் சட்டை மாதிரி, சிலருக்குக் கச்சிதம், சிலருக்குத் தொளதொள.

உங்கள் அளவு தெரிய வேண்டுமென்றால் வேறு வேறு நாளில், ஒவ்வொரு நாளும் ஒரே வேகத்தில் 30 நிமிடம் ஓட்டுங்கள். கடைசி 20 நிமிடத்தில் லாக்டேட்டின் ஏற்றம் 1 மில்லிமோலைத் தாண்டாமல் நிற்கும் அதிகபட்ச வேகம்தான் உங்கள் எல்லை. அந்த இடத்தில் ஒருவருக்கு 2.5 இருக்கும், இன்னொருவருக்கு 6 இருக்கும். 6 இருப்பவர் மோசம் என்று பொருளில்லை.

நார்வேக்காரர்கள் மீட்டரைப் பயன்படுத்தும் விதம் எனக்குப் பிடிக்கும். மாரியஸ் பாக்கன் என்ற 5000 மீட்டர் ஓட்டக்காரர், படிப்பால் மருத்துவர், தன்னைத் தானே குத்திக் குத்திப் பார்த்து ஒரு முறையை வளர்த்தார்: ஒரே நாளில் காலையும் மாலையும் வாசலை ஒட்டிய இடைவேளை ஓட்டம், லாக்டேட் பெரும்பாலும் 4-க்குக் கீழேயே. டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர், பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கம் வென்ற யாக்கோப் இங்கெபிரிக்ட்சென் இதே வழிப் பயிற்சியில் வந்தவர். இங்கே நம் பையன்கள் இன்னும் வேகமாக ஓட்டம் பிடிக்க மீட்டரைத் தேடுகிறார்கள். அங்கே அது வேகத்தைக் கட்டுப்படுத்தும் கடிவாளம்.

இன்னொன்று. முந்தைய நாள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு அளந்தால் எண் குறைவாக வரும், “ஆஹா, முன்னேறிவிட்டேன்” என்று தோன்றும். தசை சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் குறைவு, அதனால் லாக்டேட்டும் குறைவு, அவ்வளவே. ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு சோதனைக்கும் முன்னால் ஒரே மாதிரி சாப்பிடுங்கள்.

என் கைக்கடிகாரமே லாக்டேட் வாசலைச் சொல்கிறதே?

கடிகாரம் லாக்டேட்டைப் பார்க்கவே இல்லை. இதயத்துடிப்பையும் வேகத்தையும் வைத்து ஊகிக்கிறது. வியர்வையில் அளக்கும் ஒட்டுப்பட்டைகளும் ஆராய்ச்சியில் இருக்கின்றன. ஆனால் வியர்வையின் லாக்டேட்டில் பெரும்பகுதி வியர்வைச் சுரப்பியே தயாரிப்பது. தொடைத் தசையின் கதையைச் சுரப்பியிடம் கேட்கக்கூடாது.

அப்பா ஐசியுவில் இருக்கிறார். லாக்டேட் 4.5, கவலைக்கிடம் என்றார்கள். அவர் படுத்த படுக்கை, ஓடவில்லையே? ரிப்போர்ட்டில் 40 என்றும் ஒரு எண் இருக்கிறது. (மகள்)

அம்மா, முதலில் அந்த இரண்டாவது எண். 40 என்பது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். 9-ஆல் வகுத்தால் மில்லிமோல் கிடைக்கும், ஏறக்குறைய 4.5. ஒரே அளவுதான், புதிதாக எதுவும் ஏறவில்லை.

ஓடுபவருக்கு 4.5 ஒன்றுமில்லை, உழைப்பை நிறுத்தினால் இறங்கிவிடும். படுத்திருப்பவருக்கு ஏறினால், திசுக்களுக்கு ரத்தம் போதவில்லையோ, கடும் தொற்றில் அட்ரினலின் எகிறுகிறதோ, கல்லீரலால் அகற்ற முடியவில்லையோ என்று மருத்துவர்கள் தேடுவார்கள். அதனால்தான் 2-க்கு மேல் போனாலே உஷாராகிறார்கள். அவர் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ஏற்கெனவே தெரியும் என்று நினைக்காமல் ஒருமுறை சொல்லிவிடுங்கள், அதுவும் சில சமயம் லாக்டேட்டை ஏற்றும். மருத்துவரிடம் “இப்போது எவ்வளவு” என்று மட்டும் கேட்காமல், “முந்தைய அளவைவிட இறங்குகிறதா” என்று கேளுங்கள். அந்தப் போக்குதான் அதிகம் பேசும்.

ரத்தம் எடுப்பதிலும் கோளாறு வரும். குழாயில் இருக்கும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய், ஐஸ், சீக்கிரம் கொண்டுபோவது எல்லாம். நானே ஒருமுறை சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் மறந்து, சாப்பிட்டுவிட்டு வந்து அளந்து, அந்த நாள் தரவு முழுவதையும் குப்பையில் போட்டிருக்கிறேன். ஐசியு எண்ணை அப்படி நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். சந்தேகமிருந்தால் அவர்களே மறுபடி எடுப்பார்கள்.

இட்லி மாவில் இந்த மீட்டர் பட்டையைத் தொட்டுப் புளிப்பை அளக்கலாமா? சிரிக்காதீர்கள் அக்கா. (மாவுக்கடை வைத்திருப்பவர், மதுரை)

சிரிக்கவில்லை, நானே செய்து பார்த்திருக்கிறேன். வேலைக்கு ஆகாது. பெரும்பாலான கைமீட்டர்கள் 25 மில்லிமோல் வரைதான் படிக்கும், புளித்த மாவு அதைத் தாண்டிப் போய்விடும். ரத்தத்தின் சிவப்பணு அளவுக்கும் காரத்தன்மைக்கும் ஏற்றபடி செய்த பட்டை அது. நீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, நடுநிலையாக்கி என்று இறங்கினாலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது.

லாக்டேட் இரண்டு வடிவம்: எல், டி. இடது கை, வலது கை மாதிரி. நம் தசை செய்வது ஏறக்குறைய முழுவதும் எல். பட்டையின் நொதிக்கும் எல் மட்டும்தான் தெரியும். இட்லி மாவைப் பொங்க வைக்கும் லியுகோனோஸ்டாக் பாக்டீரியாவோ டி வடிவத்தைத்தான் அதிகம் செய்யும். மாவு புளித்துக் கிடக்க, பட்டை “ஒன்றும் பெரிதாக இல்லை” என்று சொல்லும்.

உங்களுக்கு மலிவான வழி டைட்ரேஷன். 10 கிராம் மாவை நீரில் கரைத்து, இரண்டு மூன்று சொட்டு பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெளிர் ரோஜா நிறம் அரை நிமிடம் நின்றால் நிறுத்தலாம். செலவான மில்லியை 0.09-ஆல் பெருக்கினால் சதவீதம். 8 மில்லி ஆனால் 0.72. இது மாவில் உள்ள எல்லா அமிலத்தையும் லாக்டிக் அமிலமாகப் பாவித்துச் சொல்லும் கணக்கு, அசிட்டிக் அமிலமும் அதில் ஒளிந்திருக்கும். கடைக்கு அது போதும். தினமும் ஒரே நேரத்தில் எடுத்து நோட்டில் எழுதுங்கள், வெயில் காலத்தில் எத்தனை மணிக்கு மாவை ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும் என்று ஒரு மாதத்தில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். ஆய்வுக் கட்டுரைக்கு என்றால் எல், டி இரண்டுக்கும் தனித்தனி நொதிகள் உள்ள கிட் வேண்டும், இல்லையென்றால் கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி.

அந்த டி வடிவம் கெடுதலா? தயிரிலும் இருக்கிறதாமே?

இருக்கிறது. நலமாக உள்ள பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை, உடல் மெதுவாக எரித்துவிடும். சிறுகுடலின் பெரும்பகுதி அறுவையில் நீக்கப்பட்டவர்களுக்குத்தான் ஆபத்து. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா டி லாக்டேட்டைக் குவித்துவிடும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், குடித்தவர் போல இருப்பார்கள். வழக்கமான லாக்டேட் சோதனை எல் வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று சொல்லிவிடும்.

விரட்டிப் பிடித்து அறுத்த ஆட்டின் கறி கருத்து ஒட்டும் என்கிறார் எங்கள் கறிக்கடை பாய். உண்மையா?

பாய் சொல்வது சரி. அறுத்த பிறகும் தசை கிளைகோஜனை லாக்டேட்டாக்கிக்கொண்டே இருக்கும்; பிஎச் 7-லிருந்து 5.5 பக்கம் இறங்கும். அந்தப் புளிப்புதான் கறிக்கு நிறத்தையும் ஆயுளையும் கொடுக்கிறது. பயந்து, பட்டினி கிடந்து கிளைகோஜனைத் தீர்த்துவிட்ட ஆட்டில் லாக்டேட் உருவாக ஒன்றுமில்லை. பிஎச் இறங்காமல் கறி கருத்து, இறுகி, சீக்கிரம் கெடும்.

முட்டையில் கதை தலைகீழ். ஐரோப்பிய ஒன்றியத்தில், முட்டைப் பொருள்கள் தயாரிக்க எடுக்கும் மூலப்பொருளின் உலர் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல் லாக்டிக் அமிலம் இருக்கக்கூடாது என்று சட்டமே உண்டு. அங்கே அது பாக்டீரியா புகுந்ததற்குச் சாட்சி.

லாக்டேட் அதிகபட்சம் எவ்வளவு ஏறும்? (எட்டாம் வகுப்பு, அம்மாவின் போனிலிருந்து)

நல்ல ஓட்டக்காரருக்கு 25 வரை போகும். வட அமெரிக்காவில் வண்ண ஆமை என்று ஒன்று உண்டு. குளம் உறைந்தால் பனிக்கு அடியில் மூச்சே விடாமல் மாதக்கணக்கில் கிடக்கும், ரத்தத்தில் லாக்டேட் 150-ஐத் தாண்டும். நமக்கு அது மரணம். ஆமை தன் ஓட்டிலிருந்து கார்பனேட்டைக் கரைத்துவிட்டு அமிலத்தைச் சமாளிக்கிறது, லாக்டேட்டில் ஒரு பங்கையும் ஓட்டுக்குள்ளேயே பதுக்கி வைக்கிறது. தங்கமீன் இன்னும் கெட்டிக்காரத்தனமாக லாக்டேட்டைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும். உன் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும்: ஆமாம், அதன் ரத்தத்திலும் கொஞ்சம் சாராயம் இருக்கும்.