மாலை நேரப் படிப்பு மையத்துக்கு நிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதி கிடைக்குமா?

எங்கள் சின்ன அறக்கட்டளை ஏழைக் குழந்தைகளுக்கு மாலையில் பாடம் நடத்துகிறது, சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதி கேட்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் முதலில் காகித வேலை.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைப் பெற உங்களுக்கு வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகளும், இதே வகைப் பணியில் 3 ஆண்டு அனுபவமும் தேவை. 2021 ஏப்ரலிலிருந்து, சிஎஸ்ஆர் பணி செய்யும் அமைப்பாக அரசிடம் பதிந்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 படிவமும் கட்டாயம். குழந்தைகளைத் தங்கவைத்தால் சிறார் நீதிச் சட்டப் பதிவு தனி. வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு. அது வேறு கதை.

சரி, விண்ணப்பம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வறுமையைப் பற்றி இரண்டு பக்கம் உருகி எழுதுவார்கள், கணக்கு அரைப்பக்கம் இருக்கும். எத்தனை குழந்தைகள், ஆசிரியர் சம்பளம், வாடகை, சுண்டல் செலவு என்று ஒரு குழந்தைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்பதைக் காட்டுங்கள். இப்போது எத்தனை பேர் தடுமாறாமல் தமிழ் வாசிக்கிறார்கள், ஆண்டு முடிவில் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்வதால், பக்கத்து தொழிற்பேட்டையிலிருந்து தொடங்குங்கள்.