அமுக்கரா: பொடியா, சூரணமா, விதையா?

கேள்வி: அப்பாவுக்கு அமுக்கராக் கிழங்குப் (அஸ்வகந்தா) பொடி வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் ஒன்று பொடி, ஒன்று சூரணம், இன்னொன்று எக்ஸ்ட்ராக்ட் என்று வருகிறது. எதை வாங்குவது? அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இல்லை, வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் இடத்தில் நானே விதைத்துவிடலாமா?

பதில்: நல்லவேளை, சர்க்கரை நோயைச் சொன்னீர்கள். சித்த மருத்துவத்து அமுக்கராச் சூரணம் என்பது வெறும் அமுக்கரா இல்லை. கிராம்பு 1 பங்கில் தொடங்கி சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் அமுக்கரா 64, அதற்கு மேல் சர்க்கரை 128 பங்கு. அதாவது டப்பாவில் பாதி சர்க்கரைதான்! பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

எக்ஸ்ட்ராக்ட், அதாவது பிரித்தெடுத்த சாரம் என்றால் எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்று லேபிளில் தேடுங்கள், வேர் என்று தெளிவாக இருக்க வேண்டும். இலையைச் சேர்த்தால் செலவு குறைவு என்பதால் சிலர் கலக்கிறார்கள், 2021-லேயே ஆயுஷ் அமைச்சகம் இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்குச் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால் முழு வேராக வாங்கி வீட்டில் அரைப்பதுதான் நல்லது (கிழங்கு என்று சொன்னாலும் அது வேர்தான்). ஒடித்தால் படக்கென்று ஒடிந்து உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும், நார் நாராகப் பிரிந்தால் முற்றியது. ஆனால் வாங்கும் முன் அப்பாவின் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். அமுக்கரா ரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது, மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

விதைப்பதா? தாராளமாக. மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கம் இதை மானாவாரியாகத்தான் போடுகிறார்கள், அதனால் தண்ணீர் குறைவு என்று தயங்க வேண்டாம். தேங்கினால்தான் வேர் அழுகும். மணல் கலந்த, வடிகால் உள்ள மண் வேண்டும், களிமண்ணில் வேர் இறங்காது. விதை வாங்கும்போது எந்த ஆண்டு அறுவடை என்று கேளுங்கள், பழைய விதை சரியாக முளைக்காது. கனமழை ஓய்ந்தபின் மேலாக விதைத்து லேசாக மண் மூடினால் போதும். கத்தரி, தக்காளி குடும்பம் என்பதால் கத்தரியைத் தின்னும் புள்ளி வண்டு இதையும் விடாது, போன முறை கத்தரி இருந்த இடம் வேண்டாம். 150 முதல் 180 நாளில் இலை காய்ந்து, தோலுறைக்குள் பழம் சிவந்ததும் செடியை வேரோடு பிடுங்குங்கள். அப்புறம் அந்தப் பழங்களைக் காயவைத்து விதை எடுத்துக்கொண்டால் அடுத்த முறை விதைக்குக் கடை தேட வேண்டியதில்லை.